வட்டமிட்ட ஏழு வாக்கியங்கள்

அச்சுக்கு முன் பார்க்கிற புரூஃப் கட்டு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. வீட்டில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தவிர மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வருகிறது. சாமான் கட்டுகிற வீட்டில் தேடுகிற பொருள் என்றைக்குக் கையில் அகப்பட்டது? அவள் மூக்குக்கண்ணாடியை அரை மணி நேரம் தேடினாள். கடைசியில் அது தன் தலைமேலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, பக்கத்து அறையில் இருப்பவர் பார்த்துவிடவில்லை என்று தெரிந்துகொண்டு, மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

பக்கத்து அறையில் இருந்தவர் அவள் கணவர். தெருவில் அவருக்கு அகராதிக்காரர் என்று பெயர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுப்பது அவருடைய இருபத்தைந்து வருஷத் தொழில். இப்போது முடித்திருப்பது பெரிய அகராதி இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகம்தான். கம், கோ, ரன், டர்ன் என்று, நடமாட்டத்தைச் சொல்லும் நாற்பது ஆங்கிலச் சொற்கள். தினமும் வாயில் வருகிற சாதாரணச் சொற்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பத்து, இருபது பொருள். 'ரன்' ஒன்றுக்கே நாற்பத்தொன்று வந்துவிட்டது. ஆங்கிலத்தில் மூக்கும் ஓடும், கடையும் ஓடும், சட்டைச் சாயமும் ஓடும், தேர்தலில் நிற்கிறவனும் ஓடுவான். "இவனுங்களுக்கு நிக்கவே நேரமில்ல போலிருக்கு" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து ஏழு மாதம் இருக்கும். முட்டி வலி என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் பிழை திருத்துகிறவள். அச்சகத்தில் முப்பது வருஷம், அதன் பிறகு வீட்டிலிருந்தபடி. அவர் எழுதுவதன் தமிழ்ப் பக்கத்தை அவள்தான் பார்ப்பாள். ஆங்கிலப் பக்கம் பதிப்பகத்தில் இருக்கும் மேடத்தின் பாடு. அந்த மேடம்தான் இந்த முறை பச்சைப் பென்சிலை எடுத்து ஏழு வாக்கியங்களைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். ஓரத்தில் குறிப்பு வேறு. ஒன்றில் 'சோகம்', ஒன்றில் 'இதுவும் சோகம்', ஒன்றில் 'அருவருப்பு, பிள்ளைகள் படிப்பது'. முதல் பக்கத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'வட்டமிட்ட ஏழையும் மாற்றி இன்று மாலைக்குள் கொடுக்கவும்.'

"என்னங்க, மேடம் ஏழு வாக்கியம் மாத்தணும்னு கேக்குறாங்க" என்றாள் இருந்த இடத்திலிருந்தே.

புத்தகக் கட்டுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"எது எது?"

"இன்னும் பாக்கல. ஏழு இருக்கு."

"மாத்த முடியாதுன்னு சொல்லிடு" என்றார். கயிறு மறுபடி இறுகுகிற சத்தம் கேட்டது.

இது அவளுக்குப் புதிதாக இருந்தது. அவர் சண்டைக்கோழி இல்லை. மாற்றச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிவிடுவார். ஆனால் மாற்றுவதற்கு நேரம் எடுக்கும், ஏனென்றால் அந்த மனிதருக்கு வாக்கியத்தை இட்டுக்கட்ட வராது. மேசைமேல் புத்தகம் இருக்கிறது என்று எழுத வேண்டுமானால்கூட, எழுந்துபோய் ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்து எழுதுகிற ஆள். இட்டுக்கட்டின வாக்கியத்தில் ஒரு வாடை அடிக்கும், பிள்ளைகள் அதை மோந்து பிடித்துவிடுவார்கள் என்பார். அதனால் இருபத்தைந்து வருஷமாக அவருடைய அகராதிகளுக்குள் அவர்கள் வீடுதான் கிடந்தது. பால் பொங்கி வழிந்தது, தண்ணீர்க் குழாய் உடைந்தது, அவள் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தது, எல்லாம் ஏதோ ஒரு சொல்லுக்குக் கீழே எண் போட்டு இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. அவர், அவள், குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவளுக்கு இது மானம் போகிற விஷயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ரொம்பச் சந்தோஷப்பட்டது அவர்கள் மகள்தான். 'வாக்' என்ற சொல்லுக்குக் கீழே 'குழந்தை நேற்று நான்கு அடி நடந்தது' என்று இருக்கும். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போன வயதில் அந்தப் பக்கத்தைத் தோழிகளிடம் காட்டி, இது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. புதுப் புத்தகம் வந்தால் முதல் வேலை, தன்னைத் தேடிக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுவது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றபோதுகூட, அழுதுகொண்டே, "அப்பா, இத 'ஃபால்'ல போட்டுக்கோ" என்றாள். அவரும் மருந்து போடுவதற்கு முன்னால் சீட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அப்படி ஒரு அப்பாவும் பெண்ணும்.

அந்தப் பெண் வீட்டை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த, ஏற்கெனவே ஒரு குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்த ஒருவனோடு போனாள். அவர் அன்றைக்குக் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. "இனி இந்த வாசல் உனக்கு இல்ல" என்றார். அதோடு சரி. மகளும் அப்பாவின் மகள்தான். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டாள். எந்த ஊர், என்ன பிழைப்பு, ஒன்றும் தெரியாது.

அம்மாக்காரி மட்டும் எதையும் மாற்றவில்லை. தன் பழைய எண்ணை விடவில்லை. வீட்டை விடவில்லை. அது மூன்றாவது மாடி, படி செங்குத்து, அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துவைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாப்பா வந்தா இங்கதான வருவா" என்பதுதான் அவளுடைய ஒரே பதில். அதற்கு மேல் பேச்சு ஓடாது. போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தவர் கேட்டார்: "நாலு வருஷம் ஆச்சு. ஒரு தடவ வந்தாளா, சொல்லு?"

நான்கு வருஷத்தில் ஒரு தடவை வராதவள் இனியா வரப்போகிறாள் என்று அவளுக்கும் மனசு விட்டுப்போனது அன்றைக்குத்தான். சரி, வீடு மாறிக்கலாம் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

இப்போது வட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆங்கில எழுத்து வரிசைப்படி முதலில் 'கம்'. ஆறாவது பொருள். 'மழையில் நனைந்தபடி ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள்.' ஓரத்தில் 'சோகம்'. இதில் என்ன பெரிய சோகம் என்று நினைத்தாள். அடுத்து 'ஃபால்', தூக்கத்தில் விழுகிற பொருளில்: 'குழந்தை அவள் தோளிலேயே தூங்கிவிட்டது.' இதற்குமா? மேடத்துக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கும். 'கோ': '"இனி எங்கே போவேன்?" என்று கேட்டாள்.' சரி, இது கொஞ்சம் கனம்தான். பிறகு 'லீவ்' வந்தது.

'கம்பி வளைந்த நீலக் குடையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள்.'

அவள் அதை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பப் போனாள். கை பாதியில் நின்றுவிட்டது. நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால், மூலையில், எந்தப் பெட்டிக்குள்ளும் போகாமல் குடை சாய்ந்து நின்றது. நீலம். ஒரு கம்பி வளைந்து, துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குடை வந்து ஏழு மாதம். அவளுக்குக் கண்ணில் புரை எடுத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது அது அங்கே நின்றது. கட்டுப் பிரித்த கண்ணால் வீட்டில் அவள் முதலில் பார்த்ததே அதைத்தான்; அவ்வளவு பளிச்சென்ற நீலத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இது ஏது என்று கேட்டாள். "வாசல்ல கெடந்துச்சு. எடுத்து வச்சேன்" என்றார். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று ஒரு வாரம் பார்த்தாள். யாரும் வரவில்லை. அதன் பிறகு அவளே எடுத்துக்கொண்டாள். வெயிலுக்கும் மழைக்கும், காய்கறி வாங்கப் போகும்போதும், கண் டாக்டரிடம் போகும்போதும், ஏழு மாதமாக அவள் தலைக்கு மேல் அந்தக் குடைதான் இருந்தது. வளைந்த கம்பியை நிமிர்த்திக் கொடுங்கள் என்று அவரிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அவர் அதைத் தொட்டதே இல்லை.

மிச்ச மூன்று வட்டங்களையும் அவள் நின்றுகொண்டே பார்த்தாள். 'மூவ்': 'கதவுக்குப் பின்னால் நின்றவர் நகரவில்லை.' 'ரன்': 'குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.' அதற்குத்தான் அருவருப்பு என்று எழுதியிருந்தாள் மேடம். 'டர்ன்': 'படியில் இறங்கும்போது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.'

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த கோபம் முதலில் தன்மேல்தான். ஏனென்றால் இந்த ஏழு வாக்கியங்களையும் அவள் புதிதாகப் பார்க்கவில்லை. முதல் புரூஃப் வந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்னால். நூற்றுமுப்பது பக்கத்தையும் வரி விடாமல் வாசித்தவள் அவள். பிழை பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு; எழுத்தைப் பார்ப்பார்கள், வாக்கியத்தைப் பார்க்க மாட்டார்கள். பழைய கட்டு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. எடுத்து 'லீவ்' பக்கத்தைப் புரட்டினாள். 'விட்டுவிட்டு போனாள்' என்று இருந்த இடத்தில், நடுவில் ஒரு 'ப்' சேர்த்து, ஓரத்தில் குறி போட்டிருந்தாள். சிவப்பு மையில், அழகாக, தன் கையால். பெற்ற பெண் வாசல்வரை வந்துவிட்டுப் போன செய்தியில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். நல்ல பிழைதிருத்தம்.

ஆனாலும் மனசு தப்பிக்கப் பார்த்தது. வேறு யாரோ பெண்ணாக இருக்கலாம். கீழ்வீட்டைத் தேடி வந்தவளாக இருக்கலாம். அவள் செருப்பு போடாமல் மூன்று மாடி இறங்கினாள். தரைத்தளத்தில் தையல்காரம்மா இருந்தாள். குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, மகளைப் பார்த்ததில்லை.

"எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சே, அப்ப நம்ம மாடிக்கு யாராவது வந்தாங்களா? ஒரு பொண்ணு, குழந்தையோட?"

தையல்காரம்மா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "ஆமாக்கா. நல்ல மழை அன்னிக்கு. மேல போயிட்டு வந்து, இதோ இந்தப் படியிலதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. குழந்தைக்குக் கொஞ்சம் பால் கெடைக்குமான்னு கேட்டுச்சு, காய்ச்சிக் குடுத்தேன். நல்ல ஜுரம் குழந்தைக்கு. ரெண்டு வயசுகூட இருக்காது."

"எப்படி இருந்தா?"

"ஒல்லியா. முழங்கையில ஒரு பழைய தழும்பு. டம்ளர நீட்டும்போது பாத்தேன்." தையல்காரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "சாயந்தரம் ஐயா கடைக்குப் போறப்ப கேட்டேன், தெரிஞ்சவங்களான்னு. ஒண்ணும் சொல்லாம போயிட்டார். நானும் விட்டுட்டேன். யாருக்கா அது?"

படியேறினாள். எந்தப் படியில் உட்கார்ந்திருப்பாள் என்று ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே ஏறினாள். எல்லாப் படியும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மேலே வந்ததும் அவரிடம் போகவில்லை. தொழில் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மேசைமேல் இருந்த கட்டைப் பிரித்தாள். வட்டமிட்ட ஏழு தாள்களையும் உருவி எடுத்தாள். எழுத்து வரிசையில் சிதறிக் கிடந்ததை, நடந்த வரிசையில் தரையில் பரப்பினாள். கம், ரன், ஃபால், கோ, மூவ், லீவ், டர்ன். மழையில் வந்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தோளிலேயே தூங்கிவிட்டது. எங்கே போவேன் என்று கேட்டாள். நின்றவர் நகரவில்லை. குடையை விட்டுவிட்டுப் போனாள். இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். ஏழு தாளும் கதவிலிருந்து பக்கத்து அறைவரை நீண்டன.

அவர் கயிற்றுக்கண்டும் கையுமாக வெளியே வந்தார். தரையைப் பார்த்தார். மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"வரிச கலைச்சிட்டியே" என்றார்.

"இதான் வரிச."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டி இரண்டும் சத்தம் போட்டன. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஐயோ என்றிருக்கும். இன்று ஒன்றும் இல்லை.

"நான் படிப்பேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"மொத புரூஃப்லயே கண்டுபிடிப்பேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா." கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றினார், பிரித்தார். "நீ ஒரு ப் போட்டுட்டுக் குடுத்துட்ட."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

"ஏன், வாய்விட்டுச் சொன்னா என்ன? முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்ல வந்தேன். தெனமும் வந்தேன்." அவர் தாள்களைப் பார்த்தே பேசினார். "மறுநாள் மறுபடி வருவான்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ தட்டினா தெறந்துடறதுன்னு இருந்தேன். கதவுகிட்டயே நாற்காலிய போட்டு உக்காந்திருந்தேன். உன்னப் பாக்க ஆஸ்பத்திரிக்குக்கூட வரல, ஞாபகம் இருக்கா? முட்டி வலின்னு நீ நெனச்சுக்கிட்ட."

ஞாபகம் இருந்தது. அவள் அக்காதான் வந்து கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்புறம் இந்தப் புத்தகம் வந்துச்சு. எந்தச் சொல்ல எடுத்தாலும் அதுதான் வந்துச்சு. வேற வாக்கியம் வரல. எத்தனையோ நாள் உக்காந்து பாத்தேன். வரவே இல்ல."

"போன மாசம் என்கிட்ட கேட்டீங்களே. ஒரு தடவ வந்தாளான்னு."

அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறாள். உண்மைதான். வாசலில் கிடந்தது என்றாரே, குடை வாசலில்தான் கிடந்தது. வந்தாளா என்றாரே, அது கேள்விதான். கேள்வியில் எங்கே பொய் இருக்கிறது? இப்படி ஒரு யோக்கியனுக்கு முப்பத்தொரு வருஷமாகப் பொங்கிப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

ஆனால் ஒன்று இடித்தது. மகள் அவரைத் தேடி வந்திருக்க மாட்டாள். அம்மாவைத் தேடித்தான் வந்திருப்பாள். அவள் எண்ணும் மகளுக்குத் தெரியும், பழைய எண்தான். கதவு திறக்காவிட்டாலும் கீழே படியில் உட்கார்ந்து ஒரு போன் செய்திருக்கலாம். அந்த வாரம் போகட்டும், ஏழு மாதத்தில் ஒரு நாள் செய்திருக்கலாம்.

"'எங்க போவேன்'னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

கயிற்றுக்கண்டு அவர் கையிலிருந்து நழுவி, தரையில் உருண்டு, 'மூவ்' தாள்மேல் போய் நின்றது.

"கதவுச் சங்கிலிய எடுக்காம கொஞ்சமா தெறந்தேன். அம்மா எங்கன்னு கேட்டா. அம்மாவும் உன்னப் பாக்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

வெளியே தெருவில் யாரோ பாத்திரம் வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான்.

"அத மட்டும் ஏன் எழுதல?" என்று கேட்டாள்.

"அது நெசமில்லையே" என்றார் அகராதிக்காரர்.

அவள் அழுதாள். அவர் எழுந்து பக்கத்தில் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். தொட வந்தவர் கையை அவள் தட்டிவிட்டாள். பிறகு தரையிலிருந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு மேசைக்குப் போய், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரப்பரை எடுத்து ஏழு பச்சை வட்டங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். ஓரக் குறிப்புகளையும் விடவில்லை. 'அருவருப்பு' மட்டும் அழுத்தி எழுதியிருந்ததால் அழிய நேரம் பிடித்தது. பேரனோ பேத்தியோ தெரியாது. அந்த மூக்கைத் துடைத்துவிட ஒரு கை நீளவில்லையே என்றுதான் அழிக்கிறவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

'மூவ்' தாளில், நகரவில்லை என்ற வரிக்கு அடுத்த பொருள் குடிபெயர்வது, வீடு மாறுவது. அதற்கு அவர் முதல் புரூஃபுக்குப் பிறகு மாற்றிக் கொடுத்திருந்த வாக்கியம் 'அவர்கள் அடுத்த மாதம் தரைத்தள வீட்டுக்கு மாறுகிறார்கள்'. அவள் அதைச் சிவப்பு மையில் அடித்தாள். ஓரத்தில் எழுதினாள். பிறர் எழுதியதைத் திருத்தியே ஆயுசு போனவள், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நான்கு தடவை அடித்துத் திருத்தியதில் இப்படி நின்றது: 'அம்மா வீடு மாறவில்லை. மகளைப் பார்க்க அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறாள்.'

அவர் அவள் தோளுக்கு மேலாக அதைப் படித்தார்.

"நாளைக்கு லாரி வருதே" என்றார் மெதுவாக.

"வரட்டும்."

"அப்போ இது..."

"இட்டுக்கட்டி எழுதினா வாடை அடிக்கும்னு நீங்கதான சொல்வீங்க."

சாயங்காலம் மேடம் போன் செய்தாள். ஏழும் மாற்றியாயிற்றா என்று கேட்டாள். ஏழும் அப்படியே இருக்கட்டும், எட்டாவதாக ஒன்றை மாற்றியிருக்கிறேன் என்றாள் இவள், வாசித்துக் காட்டினாள். மேடம் சற்று யோசித்து, இதுவும் சோகமாகத்தானே இருக்கிறது என்றாள். புத்தகம் எப்போது கடைக்கு வரும் என்று இவள் கேட்டாள். ஆறு மாதம் ஆகும், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வரும் என்றாள். ஆறு மாதத்தில் குழந்தைக்கு மூன்று வயது ஆகியிருக்கும். எந்த ஊரில், எந்தப் புத்தகக் கடையில், யார் அதைப் புரட்டப் போகிறார்கள்? நாற்பது சொற்களில் தன்னைத் தேடிப் பார்க்கிற பழக்கம் அந்தப் பெண்ணுக்கு இன்னும் இருக்கிறதா? இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கூரியர்காரனைக் கூப்பிட்டுக் கட்டைக் கொடுத்தாள். வீட்டுச் சொந்தக்காரருக்கும் போன் செய்து காலி செய்யவில்லை என்றாள். அவர் சத்தம் போட்டார், கேட்டுக்கொண்டாள்.

காலையில் லாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. சாமான் ஏற்றுகிற இரண்டு பேர் மூச்சு வாங்க மேலே வந்து, எதை முதலில் எடுப்பது என்று கேட்டார்கள். அவள் முந்தின நாளே பெட்டிகளைப் பிரித்து வைத்திருந்தாள். அவருடைய புத்தகங்கள், அவருடைய துணி, அவருடைய மருந்து ஒரு பக்கம். அடுப்பு, பாத்திரம், பழைய தொட்டில் துணிகூட இருந்த பெட்டி இன்னொரு பக்கம்.

"இந்தப் பக்கம் மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"நீ வரலியா?" என்று அவர் கேட்டார். இரவெல்லாம் கேட்காமல் வைத்திருந்து இப்போது கேட்டார்.

"முட்டிக்கு அந்த வீடுதான் நல்லது. போங்க."

"நானும் இங்கயே இருக்கேனே."

"இருந்து? நான் இல்லாதப்ப அவ மறுபடி வந்தா கதவ யார் தெறக்கறது?"

ஏற்றுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, குடும்ப விஷயத்தில் தலையிடாத நல்லவர்களாகப் பெட்டியைத் தூக்கினார்கள். கடைசிப் பெட்டி இறங்கியதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அவள் சமையலறை டப்பாவிலிருந்து திருப்புளியை எடுத்துவந்தாள். கதவுச் சங்கிலியை நான்கு திருகாணிகள் பிடித்துக்கொண்டிருந்தன. துருவேறி இறுகியிருந்தன. ஒன்றுக்கு உள்ளங்கையே கன்றிப்போனது. கீழே லாரி ஹாரன் அடித்தது. நான்காவது திருகாணி கழன்று விழுந்தபோது சங்கிலி தரையில் சுருண்டது. கதவின் மரத்தில் நான்கு சின்ன ஓட்டைகள், பக்கத்திலிருந்த பழைய வண்ணத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தன.

மூலையிலிருந்து குடையை எடுத்தாள். வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டினாள். படி வளைகிற இடத்தில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அகலத் திறந்த கதவில் நின்றவள் நகரவில்லை. அவளுக்குப் பக்கத்தில், வளைந்த கம்பியை நீட்டிக்கொண்டு, நீலக் குடை லேசாக ஆடி நின்றது.